நாடகக் கொட்டகையிலிருந்து கோடம்பாக்கம் வரை: வசனகர்த்தா அண்ணா பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய படங்களைப் பற்றிப் பேச்சு வந்தால் அண்ணா எழுதிய ‘வேலைக்காரி’ வராமல் இருக்காது. வந்த உடனே அதே பத்துப் பதினைந்து கேள்விகளும் கூடவே வரும். ஒவ்வொரு முறையும் வாயால் பதில் சொல்லிச் சலித்துப்போய் எழுதி வைத்தது இது. முதலமைச்சர் அண்ணா, மேடைப் பேச்சாளர் அண்ணா, கட்சித் தலைவர் அண்ணா பற்றி நூலகம் நிறையப் புத்தகம் இருக்கிறது. இங்கே நாடகம் எழுதி, பிறகு சினிமாவுக்கு எழுதிய சி.என்.அண்ணாதுரை மட்டும்தான்.

அண்ணா உண்மையிலேயே ஒரு சினிமா எழுத்தாளரா, இல்லை அரசியல்வாதி பொழுதுபோக்காக எழுதினாரா?

பொழுதுபோக்கு இல்லை. ஆனால் சினிமாவே தொழில் என்று இருந்தவரும் இல்லை. 1909-இல் காஞ்சிபுரத்தில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர். பச்சையப்பன் கல்லூரியில் படித்துப் பட்டம் வாங்கி, பத்திரிகைக்குப் போனார். 1942-இல் காஞ்சிபுரத்திலிருந்து ‘திராவிட நாடு’ வார இதழைத் தொடங்கினார். கட்டுரை, சிறுகதை, நாவல், நாடகம் எல்லாம் அந்த மேசையில்தான் எழுதினார். சினிமா கடைசியில் வந்து சேர்ந்தது. அவரே கதையும் வசனமும் எழுதிப் பேர் வாங்கிய படங்களை எண்ணினால் ஒரு கை விரல்கள் ஏறக்குறையப் போதும். இதைச் சொன்னால் பலருக்கு அதிர்ச்சியாக இருக்கிறது. நூறு படம் எழுதியவர் மாதிரிதான் நம் மனதில் பதிந்திருக்கிறார்.

முதல் நாடகம் எது?

‘சந்திரோதயம்’, 1943. ஜமீனையும் போலிச் சாமியாரையும் கிண்டல் செய்யும் பிரசார நாடகம். அண்ணாவே வேடம் கட்டி நடித்தார். ஊர் ஊராகப் போட்டார்கள். வசூல் திராவிட இயக்கத்துக்குப் போனது.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய இன்னொன்று உண்டு. அதே 1943-இல்தான் கம்பராமாயணத்தைக் கொளுத்தலாமா என்று தமிழறிஞர்கள் ரா.பி.சேதுப்பிள்ளையோடும் நாவலர் சோமசுந்தர பாரதியோடும் மேடையேறி வாதம் செய்தார். பின்னாளில் ‘தீ பரவட்டும்’ என்று புத்தகமாக வந்தது அந்தப் பேச்சுகள்தான். ஒரே ஆண்டில் ஒரு பக்கம் சொற்போர், இன்னொரு பக்கம் நாடகம். இரண்டும் அவருக்கு வேறு வேறு வேலையாகத் தெரிந்திருக்காது என்றே நினைக்கிறேன். அண்ணாவின் எந்த நாடகத்தைப் பிரித்தாலும் உள்ளே ஒரு வழக்கு நடந்துகொண்டிருக்கும். ஒருவர் குற்றம் சாட்டுவார், ஒருவர் மறுப்பார், கொட்டகையில் உட்கார்ந்திருப்பவர்கள்தான் ஜூரி.

அப்போது நாடகம் என்றால் எப்படி இருந்தது? இவர் எதை மாற்றினார்?

பாய்ஸ் கம்பெனிகளின் காலம் முடிந்தும் முடியாமலும் இருந்த நேரம். சின்னப் பையன்களைச் சேர்த்து, பாட்டும் வசனமும் உருப்போட வைத்து, வருஷக்கணக்கில் ஊர் சுற்றிய கம்பெனிகள். ராஜபார்ட், அதாவது கதாநாயகன், வந்தால் பாட்டோடுதான் வர வேண்டும். ஸ்திரீபார்ட் என்கிற பெண் வேடமும் ஆண்பிள்ளைதான். புராணக் கதை, படுதாவில் கைலாசம், தந்திரக் காட்சியில் கிருஷ்ணன் பறப்பது, இடையில் பபூன். நவாப் ராஜமாணிக்கம் கம்பெனியின் காட்சி அமைப்பைப் பார்க்கவே ஜனம் வண்டி கட்டிக்கொண்டு வந்தது. டி.கே.எஸ். சகோதரர்கள் சமூக நாடகங்களுக்கும் இடம் கொடுத்திருந்தார்கள். ஆகவே புராணத்தை முதலில் ஓரம் கட்டியவர் அண்ணா என்று சொல்லிவிட முடியாது.

அவர் செய்தது வேறு. பாட்டுக்கு இருந்த இடத்தில் பேச்சை உட்கார வைத்தார். அதுவரை பாட்டுக்குத்தான் ‘ஒன்ஸ்மோர்’ கேட்பார்கள். இவர் நாடகங்களில் வசனத்துக்குக் கைதட்டல் விழுந்தது. படுதாவும் கிரீடமும் வாங்கக் காசில்லாத ஒரு கட்சி மன்றம்கூட நாலு பெஞ்சை இழுத்துப் போட்டு அண்ணா நாடகத்தை நடத்திவிடலாம். பேசத் தெரிந்த ஆள் இருந்தால் போதும்.

‘சிவாஜி கண்ட இந்து ராஜ்யம்’ ஏன் இவ்வளவு பேசப்படுகிறது? நடிகர் கணேசனுக்கு ‘சிவாஜி’ பட்டம் கிடைத்ததாலா?

பட்டம் ஒரு காரணம். கதையைச் சொல்லிவிட்டு அதற்கு வருகிறேன்.

மராட்டிய சிவாஜி 1674-இல் ராய்கட் கோட்டையில் முடிசூடினார். அவர் சத்திரியர் இல்லை என்று உள்ளூர்ப் புரோகிதர்கள் முரண்டு பிடிக்க, காசியிலிருந்து காகபட்டரை வரவழைத்து முடிசூட்டு விழா நடத்தினார்கள் என்பது வரலாறு. அண்ணா இந்த ஒரு முடிச்சை எடுத்துக்கொண்டார். போர்க்களத்தில் ஜெயித்த வாள், வேதம் படித்தவன் வாசலில் போய்க் காத்துக்கிடக்கிறது. இதைப் பொறுக்காத வீரன் சந்திரமோகன் என்று ஒரு பாத்திரத்தைக் கற்பனையாகச் சேர்த்தார். நாடகத்துக்கே ‘சந்திரமோகன்’ என்று இன்னொரு பெயரும் உண்டு. குதிரை, யானை, யுத்தம் எதுவும் மேடைக்கு வராது. யுத்தமெல்லாம் முடிந்த பிறகு நடக்கும் பேரம்தான் நாடகம்.

இதில் காகபட்டராக நடித்தவர் அண்ணா. தான் எதிர்க்கும் தரப்பின் வேடத்தை எழுதியவரே போட்டுக்கொண்டார். எனக்கு இதில் பிடித்த விஷயமே இதுதான். எதிராளிக்கு மொக்கையான வசனம் எழுதிக் கொடுத்துச் சுலபமாக ஜெயிப்பது பிரசார நாடகத்தில் வழக்கம். தானே நின்று பேச வேண்டிய வேடம் என்றால் யாரும் அப்படி எழுத மாட்டார்கள். காகபட்டர் சாமர்த்தியசாலி, பேச்சில் தேன் வழியும். அதனால்தான் அவர் மேல் கோபம் வருகிறது.

சரி, பட்டம் எப்படிக் கிடைத்தது?

சிவாஜி வேடத்தில் முதலில் எம்.ஜி.ஆர். நடிப்பதாக இருந்தது, நடக்கவில்லை. நடிகர் டி.வி.நாராயணசாமி மூலம் வி.சி.கணேசன் வந்து சேர்ந்தார். தொண்ணூறு பக்கத்துக்கு மேல் இருந்த வசனத்தை அண்ணா கையில் கொடுத்துப் படிக்கச் சொல்லிவிட்டுப் போனதையும், அன்று மாலை திரும்பி வந்தபோது மனப்பாடமாகப் பேசிக் காட்டியதையும் கணேசனே பின்னாளில் சொல்லியிருக்கிறார். பாய்ஸ் கம்பெனியில் வளர்ந்த பிள்ளைக்கு உருப்போடுவது கைவந்த கலைதான், இருந்தாலும் ஒரே நாளில்! 1940-களின் நடுவில் சென்னையில் நடந்த திராவிடர் கழக மாநாட்டில் நாடகம் நடந்தது. பார்த்த பெரியார், “இனி இவர் சிவாஜி கணேசன்” என்கிற பொருளில் பாராட்ட, அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

பெரியாருக்கு நாடகம், சினிமா எல்லாம் ஆகாதே?

ஆகாதுதான். சினிமா ஜனங்களைக் கெடுக்கிறது என்பதுதான் கடைசிவரை அவர் நிலை. இந்த ஒரு விஷயத்தில் குருவுக்கும் சீடருக்கும் ஒத்துவரவே இல்லை. படிக்கத் தெரியாதவன்தான் நாட்டில் அதிகம், அவனிடம் பத்திரிகை போகாது, கொட்டகை போகும் என்பது அண்ணாவின் கணக்கு.

நடிகர் கே.ஆர்.ராமசாமிக்கு அண்ணா ஏன் தொடர்ந்து எழுதினார்?

இதற்குப் பின்னால் ஒரு கொலை வழக்கு இருக்கிறது. 1944 நவம்பரில் சென்னையில் பத்திரிகைக்காரர் லட்சுமிகாந்தன் கொல்லப்பட்டார். அந்த வழக்கில் தியாகராஜ பாகவதரும் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனும் கைதாகிச் சிறைக்குப் போனார்கள். மேல்முறையீடு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1947-இல்தான் விடுதலை. கலைவாணர் உள்ளே இருந்த காலத்தில் அவருடைய நாடகக் கம்பெனி தடுமாறியது. அதிலிருந்து வெளியே வந்த கே.ஆர்.ராமசாமி, கலைவாணர் பெயரையே வைத்துக் ‘கிருஷ்ணன் நாடக சபா’வைத் தொடங்கினார்.

புதுக் கம்பெனிக்குப் புது நாடகம் வேண்டும். ராமசாமிக்கு நல்ல பாட்டுக் குரல், பேச்சும் அருமையாக வரும். ‘நடிப்பிசைப் புலவர்’ என்று பின்னால் பட்டமே கொடுத்தார்கள். இயக்கத்தின் மேல் பற்றும் இருந்தது. அண்ணா அவருக்காக எழுதிக் கொடுத்த நாடகங்கள்தான் ‘வேலைக்காரி’யும் ‘ஓர் இரவு’ம்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ‘சந்திரோதயம்’ கட்சிக்காரர்கள் கட்சிக்காரர்களுக்குப் போட்டது. கிருஷ்ணன் நாடக சபா டிக்கெட் விற்றுப் பிழைக்க வேண்டிய கம்பெனி. அடுத்த நாளும் கூட்டம் வந்தால்தான் நடிகருக்குச் சோறு. அண்ணாவின் எழுத்தில் சஸ்பென்ஸ், ஆள்மாறாட்டம், காதல், கோர்ட்டு எல்லாம் வந்து குவிவது இந்தக் கட்டத்தில்தான். கருத்து மட்டும் சொன்னால் கொட்டகை காலியாகிவிடும் என்பதை அவருக்குக் கற்றுக்கொடுத்தது இந்தக் கம்பெனிதான் என்பேன். பின்னால் சினிமாவுக்குப் போனபோது கைகொடுத்ததும் இதே பாடம்தான்.

எழுத்தாளர் கல்கி அண்ணாவைப் பெர்னாட் ஷா என்று சொன்னது நிஜமா?

நிஜம். ‘ஓர் இரவு’ நாடகத்தைப் பார்த்துவிட்டு ஷா, இப்ஸன், கால்ஸ்வொர்த்தி என்று மேல்நாட்டு நாடகாசிரியர்கள் பெயர்களையெல்லாம் சொல்லிப் பாராட்டினார். கல்கி எதிர் அரசியல் முகாம், காங்கிரஸ்காரர், ராஜாஜியின் ஆள். அதனால் அந்தப் பாராட்டுக்கு எடை அதிகம். ஷாவோடு ஒப்பிடுவதில் எனக்குப் பாதிச் சம்மதம்தான். ஷாவின் பாத்திரங்கள் அறைக்குள் உட்கார்ந்து ஒருவரை ஒருவர் மடக்கும். அண்ணாவின் பாத்திரங்கள் ஆயிரம் பேரைப் பார்த்துப் பேசும்.

முதலில் எழுதிய படம் ‘வேலைக்காரி’தானே?

இல்லை, ‘நல்லதம்பி’. இரண்டுமே 1949. நல்லதம்பி சற்று முந்தி வந்தது. சிறையிலிருந்து வந்த கலைவாணருக்காக எழுதியது, இயக்கம் கிருஷ்ணன்-பஞ்சு. ஃபிராங்க் காப்ராவின் 1936 ஹாலிவுட் படமான ‘மிஸ்டர் டீட்ஸ் கோஸ் டு டவுன்’ தான் மூலம். கிராமத்து வெள்ளந்தி மனிதனுக்குத் திடீரென்று பெரிய சொத்து வருகிறது, சுற்றி இருப்பவர்கள் பறிக்கப் பார்க்கிறார்கள், அவனோ அதை ஊருக்குச் செலவு செய்ய நினைக்கிறான்.

எழுதியது அண்ணா என்றாலும் திரையில் தெரிவது கலைவாணர்தான். மதுவிலக்குப் பிரசாரம், நந்தனார் சரித்திரத்தை மாற்றிப்போட்ட ‘கிந்தனார்’ காலட்சேபம் என்று தன் சரக்கை நிறையச் சேர்த்துக்கொண்டார். கிந்தனார் பகுதியை இன்றைக்குப் பார்த்தாலும் சிரிப்பு நிற்காது. ஆனால் அதை அண்ணா கணக்கில் எழுத முடியாது. சினிமாவில் எழுத்தாளனுக்கு முதல் நாளே கிடைக்கும் ஞானம் அண்ணாவுக்கும் கிடைத்தது: எழுதிக் கொடுத்தது ஒன்று, திரையில் வந்தது ஒன்று.

‘வேலைக்காரி’யில் அப்படி என்ன இருக்கிறது?

நாடகமாக ஏற்கெனவே ஊர் ஊராக ஜெயித்த சரக்கு. ஜூபிடர் பிக்சர்ஸ் எடுத்தது. இயக்கியவர் ஏ.எஸ்.ஏ.சாமி, எம்.ஜி.ஆரை ‘ராஜகுமாரி’யில் கதாநாயகனாக்கியவர். மேடையில் நடித்த கே.ஆர்.ராமசாமியே ஆனந்தன். கூட வி.என்.ஜானகி, டி.எஸ்.பாலையா.

வேதாசல முதலியார் ஊர்ப் பெரிய மனிதர், வட்டிக்காரர். கடன் நெருக்கடி தாங்காமல் ஆனந்தனின் அப்பா தூக்கில் தொங்குகிறார். மகன் கத்தியைத் தீட்டுகிறான். நண்பன் மணி தடுக்கிறான்: “கத்தியைத் தீட்டாதே, புத்தியைத் தீட்டு.” மணியாக வருபவர் பாலையா. வில்லத்தனத்துக்கே பேர்போன அந்தக் குரலில் இப்படி ஒரு யோசனை வருவதில் ஒரு தனிச் சுவை.

கொல்வது சுலபம், அவமானப்படுத்துவதுதான் தண்டனை என்று திட்டம் மாறுகிறது. சாக்கு மூட்டையில் ஒரு பிணம் கிடைக்கிறது. பார்க்க ஆனந்தன் மாதிரியே இருக்கும் பரமானந்தன் என்கிற பணக்கார வாலிபன். அவன் அம்மாவுக்குக் கண் தெரியாது. ஆனந்தன் பரமானந்தனாகி, அந்த மாளிகைக்குள் நுழைந்து, முதலியாரின் மகளையே கல்யாணம் செய்துகொண்டு, மாப்பிள்ளை என்ற பெயரில் மாமனாரைப் படுத்தி எடுக்கிறான். இன்னொரு பக்கம் முதலியார் வீட்டு வேலைக்காரி அமிர்தத்தை முதலியாரின் மகன் மூர்த்தி காதலிக்கிறான். வேலைக்காரியாக இருந்தபோது ஆகாத அதே பெண், பிறகு பணக்கார வீட்டுப் பெண்ணாக வரும்போது முதலியாருக்கு மருமகளாக ஆகிவிடுகிறாள்.

படம் பார்த்தவர்கள் வருஷக்கணக்கில் பேசியது காளி கோயில் காட்சியை. ஆனந்தன் நாத்திகன் இல்லை என்பது முக்கியம். நம்பிக்கையோடு பூசை போட்டவன். தன் குடும்பத்தை அழித்தவனும் அதே அம்மனைக் கும்பிட்டுக்கொண்டு சுகமாக இருக்கிறான் என்று தெரிந்ததும், சிலைக்கு நேரே நின்று கேள்வி கேட்கிறான். பூசைச் சாமான்கள் பறக்கின்றன. கேமரா பெரிதாக ஒன்றும் செய்யாது, ராமசாமியின் முகத்தையும் சிலையையும் பார்த்துக்கொண்டு நிற்கும். கெஞ்சலில் தொடங்கும் குரல், வழக்காக மாறி, கடைசியில் வசவாக உடையும். இந்தக் காட்சிக்காகப் படத்தைத் தடை செய்ய வேண்டும் என்று எதிர்ப்பும் கிளம்பியது. நாத்திகம் பேசும் பாத்திரம் ஒன்று வந்து பிரசங்கம் செய்திருந்தால் பாதிப் பேர் முகத்தைத் திருப்பியிருப்பார்கள். பக்தன் ஏமாந்து கேட்கும்போது யார் திரும்ப முடியும்? மேடைப் பேச்சாளர் அண்ணாவைத் தாண்டி நாடகாசிரியர் அண்ணா தெரியும் இடம் இது.

‘சட்டம் ஒரு இருட்டறை’ என்ற வசனம் எந்தப் படம்?

இதே ‘வேலைக்காரி’தான். “சட்டம் ஒரு இருட்டறை, அதில் வக்கீலின் வாதம் ஒரு விளக்கு.” கடைசியில் மூர்த்தி மேல் கொலைப்பழி விழ, ஆனந்தன் வேஷம் போட்டுக்கொண்டு வக்கீலாக வந்து வாதாடுகிறான். தமிழ் சினிமாவில் கதாநாயகன் கோர்ட்டில் நின்று நீளமாகப் பேசினால் ஜனம் அசையாமல் கேட்கும் என்பதற்கு இந்தப் படம் பெரிய அத்தாட்சியாக இருந்தது. மூன்று வருஷம் கழித்துப் ‘பராசக்தி’யின் குணசேகரன் கூண்டில் ஏறுகிறான்.

‘பராசக்தி’ வசனமும் அண்ணாதானே?

இல்லை. ‘பராசக்தி’ 1952. மூலம் பாவலர் பாலசுந்தரத்தின் நாடகம், திரைக்கதை வசனம் மு.கருணாநிதி. இந்தக் குழப்பம் தீரவே தீராது போலிருக்கிறது.

‘வேலைக்காரி’ மான்டி கிறிஸ்டோ கதையின் நகல் என்கிறார்களே?

அலெக்சாண்டர் டூமாவின் நாவலின் சாயல் இருக்கிறது, மறுக்க ஒன்றுமில்லை. அநியாயம் செய்யப்பட்டவன் பணக்கார வேஷத்தில் திரும்பி வந்து ஒவ்வொருவராகக் கணக்குத் தீர்ப்பது என்ற எலும்புக்கூடு அங்கிருந்து வந்தது. அந்தக் காலத்தில் மேல்நாட்டுக் கதையை எடுத்துத் தமிழ் உடுப்புப் போடுவது எல்லாரும் செய்தது. யாரும் வெட்கப்படவும் இல்லை. அண்ணாவின் ‘ரங்கோன் ராதா’ நாவலிலும் ‘கேஸ்லைட்’ என்கிற மேல்நாட்டுக் கதையின் வாடை அடிக்கும். என் அளவுகோல் வேறு: எலும்பு எங்கிருந்து வந்தாலும் சதை இந்த ஊர்ச் சதையா? டூமாவின் நாயகன் பழிவாங்குவதில் சாதி இல்லை, வட்டிக்கடன் இல்லை, வீட்டு வேலைக்காரி இல்லை, காளி இல்லை. ‘வேலைக்காரி’யில் இவைதான் படம்.

‘ஓர் இரவு’ திரைக்கதையை ஒரே இரவில் எழுதினாராமே?

முன்னூறு பக்கத்துக்கு மேல், ஒரே ராத்திரியில், ஏவி.எம். நிறுவனத்துக்காக எழுதி முடித்தார் என்று சொல்வார்கள். அண்ணா இரவில் எழுதுகிறவர், வேகமாக எழுதுகிறவர், மூக்குப்பொடி டப்பா பக்கத்தில் இருந்தால் விடியும்வரை எழுதுவார் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் ஒன்றை மறந்துவிடுகிறோம். நாடகம் ஏற்கெனவே இருந்தது, பலமுறை மேடையேறியது, வசனம் எழுதியவர் நாக்கிலேயே இருந்தது. அன்று இரவு நடந்தது மாற்றி எழுதும் வேலை. படத்தின் தலைப்பும் தோதாக அமைந்துவிட்டதால் கதை காலில் சக்கரம் கட்டிக்கொண்டு ஓடிவிட்டது.

நாடகத்தின் அழகு அதன் இறுக்கத்தில் இருந்தது. ஒரு ராத்திரிக்குள் எல்லாம் நடக்கும். திருட வந்த ரத்னம் ஒரு பெரிய வீட்டுக்குள் நுழைகிறான். அந்த வீட்டுப் பெண் சுசீலா அலறவில்லை. தன்னை மிரட்டி வரும் ஜகவீரன் என்பவனிடமிருந்து தப்பிக்கத் தன் காதலன் மாதிரி நடிக்கச் சொல்லி அந்தத் திருடனையே கேட்கிறாள். வந்த வேலை என்ன, கிடைத்த வேலை என்ன! அவன் யார், அந்த வீட்டுக்கும் அவனுக்கும் என்ன உறவு என்பதெல்லாம் விடிவதற்குள் ஒவ்வொன்றாக அவிழும்.

1951-இல் ப.நீலகண்டன் இயக்கத்தில் படமானபோது அந்த இறுக்கம் கொஞ்சம் தளர்ந்தது. ஏவி.எம். படம் என்றால் பாட்டும் நடனமும் வேண்டுமே. ‘வேலைக்காரி’ ஓடிய ஓட்டம் இது ஓடவில்லை. ஆனால் ஒரு லாபம் உண்டு: பாரதிதாசனின் ‘துன்பம் நேர்கையில்’ பாட்டைத் தேஷ் ராகத்தில் தமிழ்நாடு முழுக்கக் கொண்டுபோனது இந்தப் படம்தான்.

அடுக்குமொழி வசனத்தைத் தொடங்கியவர் அண்ணாவா?

சினிமா வசனத்துக்கு முதலில் மரியாதை வாங்கிக் கொடுத்தவர் இளங்கோவன். ‘அம்பிகாபதி’ (1937), ‘கண்ணகி’ (1942) இரண்டையும் பார்த்தால் தெரியும். அதற்கு முன்னால் நாற்பது ஐம்பது பாட்டுக்கு நடுவே பொட்டுப் பொட்டாகப் பேச்சு இருந்த படங்கள்தான். இளங்கோவன் எழுதியது காவிய நடை. ராஜாவும் கவிஞனும் பேசுவது. அண்ணா அந்த ஓசையைச் சமகாலத்து மனிதன் வாயில் வைத்தார். வேட்டி கட்டியவன், கடன்பட்டவன், வேலைக்காரி எல்லாரும் எதுகை மோனையோடு பேசினார்கள். யாரும் நிஜத்தில் அப்படிப் பேசுவதில்லை என்று இன்றைக்குச் சொல்வது சுலபம். ஆனால் அதுவரை அழகாகப் பேசும் உரிமை கிரீடம் வைத்தவனுக்கு மட்டும்தான் இருந்தது.

பலவீனமும் இங்கேதான். மேடையில் ஒருவன் ஐந்து நிமிஷம் பேசினால் அவன் கை, நடை, மூச்சு எல்லாம் பார்வையாளனோடு இருக்கிறது. திரையில் அதே ஐந்து நிமிஷம் கேமரா கைகட்டி நிற்க வேண்டியிருக்கிறது. அண்ணா படங்களில் படமாகப் பார்க்கும் சுகம் குறைவு. கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் முக்கால் படம் புரிந்துவிடும். கதை வசனத்தைப் புத்தகமாகப் போட்டு விற்க முடிந்ததும், பிற்பாடு ஒலிச்சித்திரமாக வானொலியில் போட்டுக் கேட்க முடிந்ததும் இந்தத் தலைமுறைப் படங்களின் குணம். குறை என்று சொல்வதா, வேறு வகை என்று சொல்வதா? எனக்கே இரண்டு நாளைக்கு ஒருமுறை அபிப்பிராயம் மாறுகிறது.

அதற்குப் பிறகு என்னென்ன படங்கள்?

‘சொர்க்கவாசல்’ (1954), மறுபடியும் கே.ஆர்.ராமசாமி. அண்ணா எழுதியது. ‘ரங்கோன் ராதா’ (1956) அவருடைய நாவல். திரைக்கதை கருணாநிதி, நடிப்பு சிவாஜி, பானுமதி. ‘தாய் மகளுக்குக் கட்டிய தாலி’ (1959) கதை மட்டும் அண்ணா, எழுதியது இராம.அரங்கண்ணல். ‘நல்லவன் வாழ்வான்’ (1961) எம்.ஜி.ஆர். படம், கவிஞர் வாலி எம்.ஜி.ஆருக்கு எழுதிய முதல் பாட்டு இதில்தான். ‘காதல் ஜோதி’ (1970), ‘வண்டிக்காரன் மகன்’ (1978) இரண்டும் அவர் கதைகள், அவர் போன பிறகு வந்தவை. வரிசையைப் பார்த்தாலே தெரியும்: எழுத்தாளர் அண்ணா மெல்ல மெல்ல ‘மூலக்கதை அண்ணா’ ஆகிறார்.

ஏன் நிறுத்திவிட்டார்?

1949-ஐத் திரும்பிப் பாருங்கள். ஆண்டுத் தொடக்கத்தில் இரண்டு படம். செப்டம்பர் 17-ஆம் தேதி தி.மு.க. தொடக்கம். கட்சி நடத்துகிறவன் ஸ்டூடியோவில் போய் உட்கார முடியாது. எழுத வேண்டிய ராத்திரியெல்லாம் ஏதாவது ஊரில் கூட்டம். அதோடு, அந்த வேலையைச் செய்ய ஒரு பட்டாளமே வந்துவிட்டது. கருணாநிதி, ஏ.வி.பி.ஆசைத்தம்பி, அரங்கண்ணல் என்று பேனா பிடித்தவர்கள், கே.ஆர்.ராமசாமி, எஸ்.எஸ்.ராஜேந்திரன், எம்.ஜி.ஆர். என்று முகம் காட்டியவர்கள். சினிமா எழுத்தைப் பிழைப்பாகவும் கலையாகவும் எடுத்துக்கொண்டு படத்துக்குப் படம் தேறியவர் கருணாநிதி. கேமராவுக்கு எழுதுவதில் அவர் அண்ணாவைத் தாண்டிவிட்டார் என்பதைச் சொல்லத் தயங்க வேண்டியதில்லை.

படமாகாத நாடகங்களில் எதைப் படிக்கலாம்?

‘நீதிதேவன் மயக்கம்’. இராவணன் மேல்முறையீடு செய்கிறான். இரக்கம் என்ற ஒன்று இல்லாத அரக்கன் என்று கம்பர் எழுதிவைத்ததை மறுவிசாரணை செய்யச் சொல்லி நீதிதேவன் முன் வழக்கு. கம்பரும் வந்து நிற்கிறார். இராவணன் தனக்கு இரக்கம் இருந்தது என்று நிரூபிக்க அவ்வளவாக மெனக்கெடவில்லை. வேறு வழியில் போகிறான்: இரக்கம் இல்லாததுதான் குற்றம் என்றால், ஏகலைவன் கட்டைவிரலைக் கேட்ட துரோணர் யார், பெற்ற தாயை வெட்டிய பரசுராமர் யார் என்று ஒவ்வொருவராகக் கூண்டுக்கு இழுக்கிறான். கேட்கக் கேட்க நீதிதேவனுக்குத் தலை சுற்றுகிறது. தலைப்பில் இருக்கும் மயக்கம் அதுதான். செலவே இல்லாத நாடகம். பத்துத் தலைகூட வேண்டாம். அண்ணாவின் எழுத்துகள் நாட்டுடைமை ஆனவை என்பதால் மலிவுப் பதிப்புகள் தாராளமாகக் கிடைக்கின்றன. மௌனமாகப் படிக்காதீர்கள், இன்னொருவரை எதிரே உட்கார வைத்து, ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு உரக்கப் படியுங்கள். கம்பர் வேடத்தை எடுப்பவர் கொஞ்சம் திண்டாடுவார்.

‘வேலைக்காரி’யை இப்போது பார்க்க எங்கிருந்து தொடங்குவது? முழுப் படமும் பொறுமையாகப் பார்க்க முடியவில்லை.

யூடியூபில் கிடைக்கிற பிரதிகளில் படம் மங்கல், ஒலி கரகரப்பு. குற்றம் உங்கள் பொறுமை மேல் இல்லை. முதலில் காளி கோயில் காட்சி. அது பிடித்தால், பரமானந்தன் மாப்பிள்ளையாக வந்து முதலியார் வீட்டில் அடிக்கும் கூத்து. பிறகு கோர்ட்டு. இந்த மூன்றையும் பார்த்தபின் முதலிலிருந்து தொடங்குங்கள். ஹெட்போன் போட்டுக்கொண்டு கேட்டால் இன்னும் நல்லது.